நாயைப் படிக்கும் வகுப்பு

நாயைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவை இரண்டு. ஒன்று, நாயிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்வது. மற்றொன்று, நாயைத் தன் பொறுப்பில் வைத்துக் காப்பது. இவற்றில் முதலாவது இப்போது சட்டப்படியான கடமையாகவே ஆகிவிட்டது. விலங்குகளுக்கு அருகே எப்படி நடந்துகொள்வது, கடித்தால் என்ன முதலுதவி செய்வது, யாரிடம் உடனே சொல்வது ஆகியவற்றை மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதுமுள்ள கல்வி நிலையங்களுக்கு உத்தரவிட்டது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும்.

இந்த உத்தரவுக்குக் காரணமான வழக்கு டெல்லியில் பிறந்தது. வெறிநாய்க்கடிக்கு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பலியானதைச் சொன்ன நாளிதழ்ச் செய்தியைப் பார்த்து, 2025 ஜூலை 28 அன்று நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. ஆகஸ்ட் 11-ல் இரு நீதிபதிகள் அமர்வு, தலைநகர் வட்டாரத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது. நவம்பர் உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கு வேலி போடவும், உள்ளே திரியும் நாய்களை அகற்றவும் சொன்னது. வேலியும் அகற்றலும் பேசப்பட்ட அளவுக்கு, அதே உத்தரவு கேட்ட வகுப்பு பேசப்படவில்லை. பள்ளி வாசலைத் தாண்டியதும் வேலி முடிந்துவிடுகிறது. பிள்ளை வீட்டுக்கு நடந்துபோகும் தெருவில் அதற்குத் துணை வருவது வகுப்பில் கற்றது மட்டும்தான்.

கடியிலிருந்து தப்பிக்க மட்டும் கற்பிப்பது பாதிப் பாடம். நாய் ஏன் உறுமுகிறது என்று தெரிந்த பிள்ளைதான் தெருநாயிடமும் ஒதுங்கிப் போகும், வீட்டு நாயையும் நோகடிக்காமல் வளர்க்கும். இரண்டுக்கும் அடிப்படை, நாயின் உடலைப் பார்த்து அதன் மனநிலையை அறிவது.

நாய் எடுத்த எடுப்பில் கடிப்பது அரிது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும். தின்பதற்கு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கும். கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். காது பின்னால் ஒட்டிக்கொள்ளும், உடம்பு விறைக்கும். இவ்வளவும் பலிக்காதபோதுதான் உறுமும். உறுமல் என்பது ‘போதும், விலகு’ என்ற எச்சரிக்கை. உறுமியதற்காக நாயை அடிப்பவர்கள் அந்த எச்சரிக்கையைத்தான் அடித்து அணைக்கிறார்கள். அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கும். ‘வாலாட்டினால் நட்பு’ என்பதும் முழு உண்மையல்ல. உடம்பு தளர்ந்து இடுப்போடு சேர்ந்து ஆடும் வால் வேறு, விறைத்து உயர்ந்து மெல்ல அசையும் வால் வேறு.

பிள்ளைகள் அதிகம் கடிபடுவதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. பெரியவர்கள் நாய்க்கு மேலே நிற்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையின் முகமோ நாயின் முகத்துக்கு நேரே இருக்கிறது. குழந்தை அன்பைக் காட்டக் கழுத்தைக் கட்டிக்கொள்ளும். நாய்க்கு அது பிடித்து அமுக்குவது. குழந்தை ஆசையாகக் கண்ணைப் பார்க்கும். நாய்க்கு உற்றுப் பார்ப்பது சவால். பயந்தால் குழந்தை கத்திக்கொண்டு ஓடும். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. ஆகவே கற்பிக்க வேண்டியது, தெரியாத நாய் நெருங்கினால் மரம் போல அசையாமல் நிற்பது, கைகளை உடம்போடு ஒட்டவைத்துத் தரையைப் பார்ப்பது, அது மோந்துவிட்டுப் போகும்வரை வாய் திறக்காமல் இருப்பது. கீழே விழுந்துவிட்டால் உடம்பைச் சுருட்டி, விரல்களைக் கோத்துப் பின்கழுத்தையும் காதுகளையும் மறைத்துக்கொள்ள வேண்டும். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் ஆகிய மூன்றையும் ஒருபோதும் தொடக்கூடாது. டெல்லியில் குளிர் தொடங்கும் மாதங்களில் மாடிப்படிக்குக் கீழும், நிறுத்திய கார்களுக்கு அடியிலும் குட்டிகளோடு கிடக்கும் தாய்நாய்கள் அதிகம். குட்டியைத் தூக்கிக் கொஞ்சப்போய்க் கடிபடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

இப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கேட்பார்களா? ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து எட்டு ஆரம்பப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்து, 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு அரை மணி நேரம் மட்டும் பாடம் நடந்தது. நாய்க்கு உரியவரிடம் முதலில் கேட்பது, கையை மூடி மோந்துபார்க்க நீட்டுவது, தலையில் தட்டாமல் மார்பில் தடவுவது ஆகியவற்றைச் செய்தும் காட்டினார்கள். பத்து நாளுக்குள், எதுவும் சொல்லாமல், சாதுவான லாப்ரடார் நாய் ஒன்றைப் பள்ளி மைதானத்தில் கட்டிவைத்துவிட்டு, பிள்ளைகளை விளையாட அனுப்பி, மறைவிலிருந்து படம்பிடித்தார்கள். பாடம் கேட்காதவர்களில் 79 விழுக்காட்டினர் நேரே போய் நாயைத் தொட்டார்கள். பாடம் கேட்டவர்களில் தொட்டவர்கள் 9 விழுக்காட்டினர்தான். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு மற்றவர்கள் விளையாடப் போய்விட்டார்கள். ஒரு பாட வேளைகூட முழுதாகத் தேவைப்படாத வகுப்பு இது.

அடுத்தது கடிபட்டபின் செய்ய வேண்டியது. இதில் ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது. வெறிநோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. ஏறி அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஏறுவதற்கு முன் தடுத்தால் ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கிறார்கள். உயிர்காக்கும் முதல் மருந்து குழாய்த் தண்ணீரும் சோப்புக் கட்டியும். காயத்தை ஓடும் தண்ணீரில் பிடித்து, சோப்புப் போட்டுப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பிள்ளைக்குக் கால் மணி நேரம் மிக நீண்டது. வகுப்பில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை செய்துகாட்டினால்தான் அதன் நீளம் புரியும். மிளகாய்த்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் வைக்கக்கூடாது. இறுக்கிக் கட்டக்கூடாது. பிறகு அயோடின் மருந்து தடவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தியாவில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28-ஆம் நாட்களிலும், தசையில் போடுவது 0, 3, 7, 14, 28-ஆம் நாட்களிலும் தரப்படுகிறது. தோல் கிழிந்து ரத்தம் வந்த காயத்துக்கு இவற்றோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தைக் காயத்திலேயே செலுத்த வேண்டும். அரசு மருத்துவமனைகள் இவ்விரண்டையும் எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பதும் நவம்பர் உத்தரவில் உண்டு.

ஆனாலும் பிள்ளைகள் இறக்கிறார்கள். ஒரு காரணம், அவர்கள் வீட்டில் சொல்வதில்லை. ‘அங்கே ஏன் போனாய்’ என்று அடி விழும் என்ற பயம். ஊசி மேல் பயம். ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ என்று தாத்தா பாட்டி சொன்ன கதை இன்னும் வீடுகளில் உலவுகிறது. அது கதையல்ல, அந்தக் காலத்து உண்மை. கசௌலியில் 1911-ல் உருவான செம்பிள் தடுப்பூசி, ஆட்டு மூளையிலிருந்து தயாராகி வயிற்றில் போடப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையம் 2001-லேயே செல் வளர்ப்புத் தடுப்பூசிக்கு மாறியது. பழைய ஊசியின் உற்பத்தி நாடெங்கும் 2004 இறுதியில் நின்றுபோனது. இப்போதைய ஊசி கையில் போடும் சாதாரண ஊசி. ‘கடித்தாலும் கீறினாலும், வீட்டுக் குட்டியே ஆனாலும், யாரும் திட்ட மாட்டார்கள், உடனே வந்து சொல்’ என்ற ஒரு வாக்கியத்தைப் பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து சொல்லிவைத்தால் பல உயிர்கள் தப்பும். 1885-ல் லூயி பாஸ்டர் முதன்முதலில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றியது ஜோசஃப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை என்பது வகுப்பில் சொல்லத்தக்க செய்தி. இந்தியாவில் இப்போதும் ஆண்டுக்கு 5,700-க்கு மேற்பட்டவர்கள் வெறிநோயால் இறப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. உலகக் கணக்கில், வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கும் விலங்குகளிடம் கடிபடுபவர்களில் பத்தில் நால்வர் 15 வயதுக்குக் கீழானவர்கள்.

இனி, நாயை வீட்டுக்குக் கொண்டுவருவது. பொறுப்பு என்பது நாய் வருவதற்கு முன்பே தொடங்குகிறது. பத்திலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் வாழும் உயிர் அது. ஆறாம் வகுப்பில் ஆசைப்பட்டுக் கேட்ட பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்குப் போனபின்னும் அது வீட்டில் இருக்கும். பகலில் யார் வீட்டில் இருப்பது, கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது யார் பார்ப்பது, மாதச் செலவு என்ன, வாடகை வீடு மாறினால் என்ன செய்வது என்று முதலில் கேட்க வேண்டும். மாணவர்களைக் கொண்டே ஒரு மாதக் கணக்கை எழுதவைப்பது நல்ல பயிற்சி. தீவனம், தடுப்பூசி, உண்ணி மருந்து, குடற்புழு மருந்து, எதிர்பாராத ஒரு மருத்துவச் செலவு என்று கூட்டிப் பார்க்கும்போது, பரிசாகக் கேட்ட குட்டி ஒரு குடும்பத்தின் முடிவாக மாறிவிடும்.

எந்த நாய் என்பதும் முக்கியம். சைபீரியக் குளிருக்கென்று அடர்ந்த இரட்டை ரோமத்தோடு பிறந்த ஹஸ்கியை, மே மாதத்தில் 45 டிகிரி வெயில் அடிக்கும் நகரத்தின் மூன்றாம் மாடியில் வளர்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை. நீலக் கண்ணுக்காக வாங்கி, ரோமம் உதிர்வதையும் ஊளையிடுவதையும் தாங்காமல் இரண்டே ஆண்டில் தெருவில் விடுபவர்கள் உண்டு. நம் இனங்கள் என்று வந்தால் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழருக்குப் பெருமை. ராஜபாளையத்துக்கு 2005-ல் தபால்தலையே வெளியானது. ஆனால் வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்த அவை ஓடித் திரிய இடம் கேட்பவை. இரண்டு படுக்கையறை வீடு அவற்றுக்குப் போதாது. டெல்லியின் வெயிலுக்கும் குளிருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகியது அந்த ஊர்த் தெருவின் நாட்டு நாய்தான். டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்துக்குக் கீழே 1979 முதல் இயங்கும் ஃபிரெண்டிகோஸ், ராஜா கார்டனில் 1980 முதல் இயங்கும் சஞ்சய் காந்தி விலங்குக் காப்பகம் போன்ற இடங்களில் தத்தெடுக்கலாம். விலைக்கு வாங்குவதானால், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பது 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி தவறு. தாயிடம் பால்குடி மறக்கும் முன் பிரித்த குட்டிக்கு நோய் எதிர்ப்பும் குறைவு, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று உடன்பிறப்புகளிடம் கற்ற அளவும் குறைவு.

வீட்டுக்கு வந்த குட்டிக்கு ஆறாம் வாரத்திலிருந்தே பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசிகள், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். டெல்லி வீடுகளில் நாய்க்கு வழக்கமாகக் கிடைப்பது பாலில் பிய்த்துப் போட்ட ரொட்டி. வயிறு நிறையும், புரதம் சேராது. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சலாகும். வேகவைத்த கோழி, முட்டை, சோறு, காய்கறி கலந்தது நல்லது. ஆனால் வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட், திராட்சை, கீரில் போடும் கிஷ்மிஷ், வெங்காயம், பூண்டு ஆகியவை நாய்க்கு நஞ்சு. டிபன் டப்பாவில் மிஞ்சியதை அன்போடு ஊட்டும் பிள்ளைக்கு இந்தப் பட்டியல் மனப்பாடமாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் உண்ணி. காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் தடவிப் பார்க்காவிட்டால், உண்ணிக் காய்ச்சலில் நாய் ஒரு வாரத்தில் துவண்டுவிடும்.

டெல்லியின் கோடை தனிப் பாடம். நாய்க்கு வியர்ப்பது பாதத்து மெத்தைகளில் மட்டும். சூட்டை வெளியேற்ற நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதே வழி. பிற்பகல் மூன்று மணிக்குச் செருப்புக் காலோடு நாயை நடக்கக் கூட்டிப்போகும் பிள்ளைக்குத் தார்ச்சாலை கொதிப்பது தெரியாது. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ணும்வரை தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. சூரியன் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும்தான் நடை. கூலர் ஓடும் அறை, நிழலில் ஒரு மண்சட்டித் தண்ணீர், கதவடைத்த காரில் ஒருபோதும் விட்டுப்போகாமை. நாய் தள்ளாடி, ஈறு செக்கச்செவேல் என்று ஆனால் அது வெப்பத்தாக்கு. பனிக்கட்டித் தண்ணீரில் முக்காமல், சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்துக் காற்றுப்படவைத்து, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பிறகு தீபாவளி. மனிதக் காது எட்டாத உயர்ந்த ஒலிகளும் நாய்க்குக் கேட்கும். வெடிச்சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடித் தொலைந்துபோகும் நாய்கள் ஆண்டுதோறும் உண்டு. அன்று மாலை சீக்கிரமே நடக்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, கழுத்துப்பட்டையில் கைபேசி எண் எழுதிய வில்லையை மாட்டிவைப்பது ஒரு பிள்ளை தானே செய்யக்கூடிய வேலை.

வீட்டு நாய்க்கு டெல்லி மாநகராட்சியில் பதிவு கட்டாயம். 1957-ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்தின் 399-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது, தடுப்பூசிச் சான்று இல்லாமல் பதிவு இல்லை. வெளியே போகும்போது கயிறு, கழிவை அள்ள ஒரு காகிதமோ பையோ. அலட்சியமாக விட்ட நாய் பிறருக்கு ஆபத்தானால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். நாயை வளர்க்கவே கூடாது என்று எந்தக் குடியிருப்போர் சங்கமும் தடுக்க முடியாது என்பதும் விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல். தெருநாய்க்குச் சோறு வைப்பவருக்கும் வரையறை உண்டு. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றுக்கு அருகே வைக்கக்கூடாது என்று 2023-ஆம் ஆண்டு கருத்தடை விதிகளே சொல்கின்றன. வைத்துவிட்டு மீதியைக் கூட்டாமல் போகிறவர் நாய்க்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பகையை வளர்க்கிறார். காதின் நுனியில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். தங்கள் தெருவில் வெட்டுள்ள காது எத்தனை, இல்லாதது எத்தனை என்று தூரத்தில் நின்றே பிள்ளைகள் எண்ணிவரலாம். ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருந்தால் வெறிநோய்ச் சங்கிலி அறுபடும் என்ற கணக்கு அங்கே உயிர்பெறும்.

வளர்த்த நாயைத் தெருவில் விடுவதும், பட்டினி போடுவதும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். 1960-ஆம் ஆண்டின் இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் இதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். 1962-ல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் தலைமையகம் இப்போது டெல்லிக்கு அருகே பல்லப்கரில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தத் தொகை உயரவில்லை. நாயைக் கைவிடுபவருக்கு இந்தச் சட்டத்தால் எந்த வலியும் இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

எந்த வகுப்பில் எதைக் கற்பிப்பது? மழலையர் வகுப்புக்கு ‘கேட்காமல் தொடாதே’, ‘மரம் போல நில்’ என்ற இரண்டும் போதும். பாட்டாகவும் ஆட்டமாகவும் சொல்லலாம். மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை உடல்மொழியும் காயம் கழுவுதலும். ஆறாம் வகுப்புக்கு மேல் உணவு, நோய், செலவுக் கணக்கு, சட்டம். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் மழலையர் முதல் எட்டாம் வகுப்புவரை தொடங்கிய மகிழ்ச்சிப் பாடவேளையைப் போலத் தனி நேரம் ஒன்றை ஒதுக்கி இதைப் பொருத்தலாம். அறிவியல் ஆசிரியரும் எடுக்கலாம். உயிருள்ள நாயை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. ஐம்பது பிள்ளைகள் சூழ்ந்தால் நாய்க்கும் மிரட்சி, சில பிள்ளைகளுக்கும் மிரட்சி. படமும் துணிப் பொம்மையும் போதும். ஏற்கெனவே கடிபட்டுப் பயந்த பிள்ளையை ‘தொட்டுப் பார்’ என்று வற்புறுத்துவது கூடாது. அருகில் போகாமலிருக்க அதற்கு உரிமை உண்டு. கோவாவில் நாய்களுக்குத் தடுப்பூசியும் கண்காணிப்பும் நடந்த அதே ஆண்டுகளில் பள்ளி வகுப்புகளும் நடந்தன. 2021-ல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுப்பட்ட பகுதி என்று அறிவிக்கப்பட்டது.

வீட்டில் பிள்ளைக்குரிய வேலையையும் வயதுக்கேற்பத்தான் பிரிக்க வேண்டும். ஏழு வயதில் தண்ணீர்ச் சட்டியை நிரப்பலாம். பத்து வயதில் சீவிவிடலாம், தட்டைக் கழுவலாம். பெரிய நாயை இழுத்துக்கொண்டு தனியே தெருவில் நடக்கப் பதினான்கு வயதாவது ஆகட்டும். தேர்வு நாட்களில் பிள்ளை மறந்தால் நாய் பட்டினி கிடக்கக்கூடாது. உரிமையாளர் எப்போதும் பெரியவர்தான். நாய்க்கு வயதாகிக் கண்ணில் புரை விழும்போதும், படியேற முடியாமல் நிற்கும்போதும், அதைத் தூக்கி இறக்குவதும் பெரியவர் வேலை, கூட இருப்பது பிள்ளையின் வேலை. அது இறந்தால் ‘ஊருக்குப் போயிருக்கிறது’ என்று சொல்லாமல் இறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். துவாரகா 29-வது செக்டாரில் வளர்ப்பு விலங்குகளுக்கென்று எரிமேடை இருக்கிறது. பிள்ளை விரும்பினால் அங்கே உடன் கூட்டிப்போகலாம்.